மனோதத்துவப் பட்டம்: கொடுப்பதும் கொள்வதும்

கல்வியைக் காசு கொண்டு நிறுத்தல் அடாது என்று கூறுவார் பலர். அவர் கூற்றில் உண்மை இல்லாமற் போகவில்லை. ஆயினும், அங்ஙனம் கூறுவாருள் மிகப்பலர் தம் கல்விக்குரிய பொருளைத் தந்தையார் கையினின்றும் பெற்றவர் என்பதையும் நாம் கவனித்திருக்கின்றோம். தன் கைப்பொருளைத் தானே எண்ணிக் கொடுத்துக் கற்கப் புகும் ஒருவன், 'இவ்வளவு கொடுக்கின்றேனே. எனக்கு மீள்வது யாது?' என வினவுதல் இழிவாகாது. 1776ஆம் ஆண்டில் வெளிவந்த தமது பொருளியல் நூலில் ஆடம் ஸ்மித் என்னும் பேரறிஞர், மிகுந்த உழைப்பும் காலமும் செலவிட்டுக் கல்வி பெற்ற ஒருவனை விலையுயர்ந்த ஓர் இயந்திரத்தோடு ஒப்பிட்டார். இயந்திரம் தேய்ந்தொழியுமுன் தன் விலையை மீட்டுத் தரவேண்டுமாறு போல, அவனது ஊதியமும் அவன் கல்விச் செலவை மீட்டுத் தரவேண்டும் என்பது அவர் கருத்து. அக்கருத்தை அளவுகோலாகக் கொண்டு, அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் சமுதாயக் கல்லூரிகள் அளிக்கும் மனோதத்துவப் பட்டத்தை ஈண்டு நிறுத்துப் பார்க்க விரும்புகின்றோம். அந்நாட்டில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் பல்லாயிரவர் ஆண்டுதோறும் இத்துறையிற் புகுகின்றனராதலின், இஃது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று.

முதற்கண், சமுதாயக் கல்லூரி என்பது யாது? நம் நாட்டிலும் இப்பெயர் வழங்குகின்றது. ஆனால் இங்கே அது பெரும்பாலும் சில திங்களில் ஒரு கைத்தொழில் பயிற்றும் நிலையத்தைக் குறிக்கும். அமெரிக்கரது சமுதாயக் கல்லூரியோ சர்வகலாசாலைப் படிப்பின் முதலிரண்டு ஆண்டுகளை உள்ளூரிலேயே குறைந்த கட்டணத்திற் கற்பிப்பது. 1901ஆம் ஆண்டில் இல்லினாய் மாகாணத்து ஜோலியட் நகரில் இவ்வகைக் கல்லூரி தோன்றிற்று. அவ்வூர் உயர்நிலைப் பள்ளித் தலைவராயிருந்த ஸ்டான்லி பிரவுன் என்பாரும், சிக்காகோ சர்வகலாசாலைத் தலைவராயிருந்த வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் என்பாரும் அதற்கு மூலபுருஷர். கலிபோர்னியா மாகாணத்தில் 1910ஆம் ஆண்டு பிரஸ்னோ நகரில் முதற் கல்லூரி எழுந்தது. இன்று அம்மாகாணத்தில் மட்டும் 116 கல்லூரிகள் உள்ளன. தொடக்கத்தில் இவற்றிற்கு 'ஜூனியர் காலேஜ்' என்பதே பெயர். 1947ஆம் ஆண்டு ஜனாதிபதி ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழுவின் அறிக்கைக்குப் பின்னரே 'சமுதாயக் கல்லூரி' என்னும் பெயர் நாடெங்கும் பரவிற்று. உயர்நிலைப் பள்ளியில் தேறிய எவரையும் இக்கல்லூரிகள் பொதுவாகத் தள்ளுவதில்லை. பகலில் வேலை பார்த்து மாலையிற் படிப்போரும், குழந்தையைத் தாயாரிடம் விட்டுவிட்டு வகுப்பிற்கு வருவோரும் இங்கே மிகுதி. மாணாக்கர் மூவரில் ஏறக்குறைய இருவர் முழுநேரப் படிப்பினரல்லர்.

இங்கே இரண்டாண்டுப் படிப்பை முடித்தார்க்கு அளிக்கப்படுவது 'அசோஷியேட்' பட்டம். மனோதத்துவப் பிரிவில் 60 பாட அலகுகள் கற்றல் வேண்டும். அவற்றுட் பெரும்பகுதி ஆங்கிலம், சரித்திரம், விஞ்ஞானம் முதலிய பொதுப் பாடங்களே. மனோதத்துவத்திற்கென நிற்பவை, அறிமுகப் பாடம், புள்ளியியல், ஆராய்ச்சி முறைகள், உடலியலொடு மனத்தை இணைத்துக் காட்டும் பாடம், பின்னும் குழந்தை வளர்ச்சி, மனநோய் என்றாற்போன்ற ஒன்றிரண்டு. பிறர் மனத்தை ஊடுருவிப் பார்க்கும் வித்தையைக் கற்கலாமென்று வந்து சேர்ந்த இளைஞன், புள்ளியியல் வகுப்பில் எண்களோடு மல்லாட நேர்வது கண்டு திகைப்பது அங்கே நாடோறும் நிகழும் காட்சி. நாம் அதனைக் குறையாகக் கூறவில்லை. அப்படிப்பில் விலைபோகக் கூடிய பாடம் அது ஒன்றே என்று கூறினும் தவறாகாது.

இனிச் செலவைக் காண்போம். 2024-25ஆம் கல்வியாண்டில், பொதுத்துறை இரண்டாண்டுக் கல்லூரிகளில் உள்ளூர் மாணாக்கர் செலுத்திய ஆண்டுக் கட்டணம் நாடெங்கிலும் சராசரியாக 4,050 டாலர். அதே ஆண்டிற் பொதுத்துறை நான்காண்டுச் சர்வகலாசாலைகளில் அம்மாகாண மாணாக்கர்க்கு 11,610 டாலர். தனியார் சர்வகலாசாலைகளில் 43,350 டாலர். கலிபோர்னியாவில் கட்டணம் இன்னும் மலிவு. 1984ஆம் ஆண்டு வரையில் அங்கே சமுதாயக் கல்லூரிக் கல்வி இலவசமாகவே இருந்தது. 2012ஆம் ஆண்டு முதல் ஓர் அலகிற்கு 46 டாலர். ஆகவே 60 அலகிற்கு 2,760 டாலர். வறியோர்க்கு இதுவும் தள்ளுபடியாகும். டென்னசி மாகாணம் 2014ஆம் ஆண்டிற் சட்டமியற்றி, பள்ளிப்படிப்பு முடித்து உடனே வரும் மாணாக்கர்க்குக் கட்டணச் சுமையை நீக்கிற்று. வேறு பல மாகாணங்களும் அவ்வழிச் சென்றன. இவையன்றி, மத்திய அரசாங்கத்தின் 'பெல்' உதவித்தொகை ஒன்றுளது. 1972ஆம் ஆண்டிற் பிறந்து, 1980ஆம் ஆண்டில் ரோட் ஐலண்டு மாகாணச் செனட்டர் கிளெய்பர்ன் பெல் என்பாரது பெயரைப் பெற்ற இவ்வுதவி, 2024-25ஆம் ஆண்டில் உச்ச அளவில் 7,395 டாலர். வறிய மாணவனொருவன் கட்டணம் முழுதும் செலுத்தியபின்னும் புத்தகத்திற்கும் உணவிற்குமென இதில் ஒரு பகுதி எஞ்சும்.

இவ்வளவில் நிறுத்திவிட்டால், 'ஏறக்குறைய இலவசமாகக் கிடைக்கும் ஒன்றிற்குக் கணக்கு எதற்கு?' என்று நேயர்கள் கேட்கக் கூடும். அந்நாட்டுப் பெற்றோரிற் பலரும் அவ்வாறே கேட்கின்றனர். பிழை இவ்விடத்திலேதான் உள்ளது. கட்டணம் இக்கல்வியின் செலவிலே மிகச் சிறிய கூறு.

பிரஸ்னோவில் வாழும் ஒரு பெண்ணை மனத்திற் கொள்வோம். பழத்தோட்டங்கள் சூழ்ந்த அந்நகரில் அவள் ஒரு கடையில் வாரம் 40 மணி நேரம் வேலை பார்க்கின்றாள். 2024ஆம் ஆண்டிற் கலிபோர்னியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16 டாலர். அதுவே அவள் கூலி. கல்லூரியிற் சேர்ந்தபின், படிப்பு நடைபெறும் 35 வாரங்களில் அவள் தன் வேலையை 20 மணி நேரமாகக் குறைத்துக் கொள்கின்றாள். ஓராண்டில் அவள் இழப்பது 11,200 டாலர். இரண்டாண்டில் 22,400 டாலர். கட்டணமாகிய 2,760 டாலரைப்போல் இஃது எட்டு மடங்கு. அரசாங்கம் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாம். இதனைத் தள்ளுபடி செய்வார் யாருமிலர். பட்டம் பெறாது நடுவே விட்டுச் சென்றாலும் இழந்த கூலி மீளாது. இரண்டாண்டு மூன்றாண்டாக நீண்டால், இழப்பும் நீளும். எனவே, மலிவான கல்வி என்பது காலத்தை மலிவாகக் கருதுவார்க்கே மலிவு. உழைத்துண்பார் வீட்டில் காலம் ஒருபோதும் மலிவன்று.

வேலையை ஒரு சிறிதும் குறையாமலே படித்து முடிப்பார் உளர் என்பது உண்மை. அவர்களை நாம் வியக்கின்றோம். எனினும், அவ்வாறு முயல்வாரிற் பலர் வகுப்பைத் தவறவிட்டுத் தேர்விலே தோற்று, அதே பாடத்திற்கு மறுமுறையும் வருகின்றனர். அப்போது செலவு வேறு வழியால் உட்புகுந்து விடுகின்றது.

அடுத்து வரவு. அந்நாட்டு அரசாங்கத் தொழிற் புள்ளிவிவர நிலையம் 2023ஆம் ஆண்டிற்கு வெளியிட்ட கணக்கின்படி, 25 வயதிற்கு மேற்பட்ட முழுநேர ஊழியருள் உயர்நிலைப் பள்ளியோடு நின்றவரது வார ஊதியம் 899 டாலர். கல்லூரியிற் சிறிது படித்துப் பட்டம் பெறாதார்க்கு 992 டாலர். அசோஷியேட் பட்டத்தினர்க்கு 1,058 டாலர். நான்காண்டுப் பட்டத்தினர்க்கு 1,493 டாலர். இவை சராசரியல்ல, எல்லாரையும் ஊதிய வரிசையில் நிறுத்தினால் நடுவே நிற்பவர் பெறும் தொகை. பள்ளியோடு நின்றவரைவிட அசோஷியேட் பட்டத்தினர் வாரத்திற்கு 159 டாலர், அதாவது ஆண்டிற்கு 8,268 டாலர் மிகுதியாகப் பெறுகின்றனர். இதனைக் கண்டு, 'மூன்றாண்டிற்குள் பிரஸ்னோப் பெண்ணின் இழப்பு மீண்டுவிடும்' என்று மகிழ்ச்சியுறத் தோன்றும். கல்லூரி விளம்பரங்கள் இத்தகைய எண்களையே விரும்பி அச்சிடுகின்றன.

ஆனால் அந்த 1,058 டாலர் யாருடைய ஊதியம்? அசோஷியேட் பட்டத்தினர் என்ற ஒரே பெயரின்கீழ்ச் செவிலியரும், பற்சுத்தி செய்யும் தொழிலினரும், மின்கருவி வல்லுநரும், மனோதத்துவம் பயின்றோரும் ஒருங்கே அடங்கியுள்ளனர். பல் மருத்துவரிடம் பற்களைச் சுத்தஞ்செய்யும் உரிமம் பெற்றவர், 2023ஆம் ஆண்டில் வரிசையின் நடுவே ஆண்டிற்கு 87,530 டாலர் பெற்றனர். பதிவு பெற்ற செவிலியர் 86,070 டாலர் பெற்றனர். முன்னைய தொழிலுக்கு வழக்கமான தகுதி அசோஷியேட் பட்டமே. செவிலியர் தொழிலுக்கும் அப்பட்டம் வாயிலாகப் புகலாம். 1952ஆம் ஆண்டில் மில்ட்ரட் மாண்டாக் என்னும் அம்மையார் தொடங்கிய சோதனை முயற்சியால் அவ்வழி திறந்தது. மனோதத்துவத்தில் அசோஷியேட் பட்டம் பெற்றாரோ, பெரும்பாலும் சமூகநலப் பணி உதவியாளராகச் செல்லலாம். அப்பணியினரின் நடு ஊதியம் அதே ஆண்டில் 41,410 டாலர். பள்ளியோடு நின்ற முழுநேர ஊழியரின் 899 டாலரை 52 வாரத்தாற் பெருக்கினால் 46,748 டாலர் வருகின்றது. இரண்டு கணக்குகளும் ஒரேவகையில் எடுக்கப்பட்டவையல்ல என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஆயினும், இரண்டாண்டு படித்தபின் ஒருவர் பள்ளியோடு நின்றவரினும் கீழே நிற்க நேரிடலாம் என்பது தெளிவு. மேலும், சமூகநல உதவியாளர் பணிக்குப் பலவிடங்களில் உயர்நிலைப் பள்ளித் தேர்ச்சியே போதும். ஆட்டிசம் உடைய குழந்தைகளுக்கு நடத்தைப் பயிற்சி அளிக்கும் உதவியாளர் பணியும் மனோதத்துவ மாணாக்கர் பலர் விரும்பிச் செல்லும் ஒன்று. அதற்கும் வேண்டுவது பள்ளித் தேர்ச்சியும் 40 மணி நேரப் பயிற்சியும் ஒரு தேர்வுமே. பட்டம் கேட்கப்படாத வாயிலில் பட்டத்தைக் காட்டிக் கூலி உயர்த்தக் கேட்டல் அரிது.

மனோதத்துவ நிபுணர் என்னும் பெயரைத் தாங்கித் தொழில் நடத்துதற்குப் பொதுவாக டாக்டர் பட்டமும் மாகாண உரிமமும் வேண்டும். மண வாழ்விலும் குடும்பத்திலும் எழும் துயர்களுக்கு ஆலோசனை கூறும் தொழிலுக்கு எம்.ஏ. பட்டம் வேண்டும், அதன்பின் கலிபோர்னியாவில் மேற்பார்வையின்கீழ் 3,000 மணி நேரம் பணிபுரிந்து, தேர்விலும் தேறல் வேண்டும். சமுதாயக் கல்லூரியின் முதல் நாளிலிருந்து கணக்கிட்டால் இவ்வுரிமம் கைக்கு வர எட்டாண்டிற்குக் குறையாது. அவ்வளவும் கடந்து வந்தார் 2023ஆம் ஆண்டிற் பெற்ற நடு ஊதியம் 58,510 டாலர். மனோதத்துவ நிபுணர்க்கு 92,740 டாலர். எட்டாண்டு கழித்துக் குடும்ப ஆலோசகர் பெறுவதினும், அதே கல்லூரியில் அடுத்த கட்டடத்திற் பற்சுத்தி பயின்றவர் மூன்று நான்கு ஆண்டிற் பெறுவது மிகுதி என்பதைக் காணும்போது, ஊதியம் என்பது அறிவின் ஆழத்தைக் கொண்டு அளக்கப்படுவதன்று. உரிமம், தேவை, கற்றோர் தொகை ஆகியவற்றைக் கொண்டே அளக்கப்படுகின்றது என்பது புலனாகும். மனோதத்துவத்தில் நான்காண்டுப் பட்டம் பெறுவோர் அந்நாட்டில் ஆண்டொன்றுக்கு 1,20,000 பேருக்கு மேல். பற்சுத்திப் பிரிவிலோ, கற்பிக்கும் நாற்காலிகள் சிலவேயாதலின், இடம் கிடைப்பதே அரிது.

இவ்வாறாயின் இப்பட்டத்தைக் கைவிட வேண்டுவதுதானோ? நாம் அங்ஙனம் கூறவில்லை. இதுகாறும் கண்டது, இப்பட்டத்தை இறுதி நிலையமாகக் கொண்டார்க்குரிய கணக்கு. இதனை ஆற்றைக் கடக்கும் ஓடமாகக் கொண்டார்க்குக் கணக்கு வேறு.

ஓடக் கணக்கு இது. இரண்டாண்டு சமுதாயக் கல்லூரியிலும் இரண்டாண்டு பொதுத்துறைச் சர்வகலாசாலையிலும் பயின்றால், மேற்காட்டிய சராசரிக் கட்டணத்தின்படி ஆவது 31,320 டாலர். நான்காண்டும் சர்வகலாசாலையிலேயே பயின்றால் 46,440 டாலர். மிச்சம் 15,120 டாலர். பெறும் பட்டமோ ஒன்றே. சர்வகலாசாலையின் முத்திரையே அதில் இருக்கும். முதலிரண்டு ஆண்டு எங்கே கழிந்தது என்று வேலை தருவார் பெரும்பாலும் கேட்பதில்லை. நான்காண்டுப் பட்டத்தினர் பள்ளியோடு நின்றவரைவிட ஆண்டிற்கு 30,888 டாலர் மிகுதியாகப் பெறுகின்றனர். மனோதத்துவம் பயின்றோர் இக்கூட்டத்தில் நடுவிற்குக் கீழேயே நிற்பர். அத்தொகையிற் பாதியே அவர்க்குக் கிடைக்கும் என வைத்துக்கொண்டாலும், கொடுத்தது சில ஆண்டுகளில் மீண்டு, வாழ்நாள் முழுதும் ஆதாயம் நிற்கும். கேன், ரௌஸ் என்னும் பொருளியலார் இருவர் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், இரண்டாண்டுக் கல்லூரியிற் கற்ற ஓராண்டுப் பாடமும் நான்காண்டுக் கல்லூரியிற் கற்ற ஓராண்டுப் பாடமும் ஊதியத்தை ஏறக்குறைய ஒரே அளவாக, நூற்றுக்கு 4 முதல் 6 வரை, உயர்த்துகின்றன என்று கண்டனர். ஆகவே முதலிரண்டு ஆண்டுப் படிப்பு தாழ்ந்த சரக்கு என்று எண்ணற்க.

ஆனால் ஓடம் கரை சேர்கின்றதா? 2024ஆம் ஆண்டில் வெளிவந்த நாடளாவிய கணக்கு ஒன்று நம்மைத் திடுக்கிடச் செய்கின்றது. சமுதாயக் கல்லூரியிற் சேர்வோருள் நூற்றுக்கு 80 பேர் நான்காண்டுப் பட்டத்தையே நாடி வருகின்றனர். ஆறாண்டிற்குள் சர்வகலாசாலைக்கு மாறிச் செல்வோர் மூன்றில் ஒரு பங்கினர். அவருள்ளும் பட்டம் பெறுவோர் பாதிக்குக் குறைவு. சேர்ந்தோர் தொகைக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 16 பேரே ஆறாண்டிற்குள் பட்டம் பெறுகின்றனர். எஞ்சியோரிற் பலர் கூலியையும் இழந்து, சிலர் கடனும் பட்டு, தொடங்கிய இடத்திற்கே திரும்புகின்றனர். பர்ட்டன் கிளார்க் என்னும் சமூகவியலார் 1960ஆம் ஆண்டிலேயே சான் ஓசே நகரக் கல்லூரியை ஆராய்ந்து, உயர்ந்த எண்ணத்தோடு வரும் மாணாக்கரின் வேட்கையைச் சிறிது சிறிதாகத் தணித்து, தாழ்ந்த இலக்கிற்கு அவரைத் திருப்பும் வேலையை இக்கல்லூரிகள் ஓசையின்றிச் செய்து வருகின்றன என்று எழுதினார். கல்லூரியார் பலர் சினங்கொள்ளத்தக்க கூற்று. ஆயினும், அறுபது ஆண்டு கழிந்தும் எண்கள் அவரைப் பொய்யராக்கவில்லை.

ஓடம் கவிழ்வதற்குக் காரணம் பல. அவற்றுள் மாணாக்கர் அறியாத ஒன்றை மட்டும் சிறிது விரித்துரைப்போம். அது, கற்ற பாட அலகுகள் மறுகரையில் ஏற்றுக்கொள்ளப்படாது போதல். ஒரு கல்லூரியில் 'மனநலம்' என்ற பெயரிற் கற்ற பாடம், சர்வகலாசாலையில் எப்பிரிவிலும் சேராது நிற்கும். அல்லது பொது விருப்பப் பாடமாக மட்டும் ஏற்கப்பட்டுப் பட்டத்திற்குப் பயன்படாது போகும். அமெரிக்கப் பாராளுமன்றத்திற்கு உரிய தணிக்கை நிலையம் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், 2004 முதல் 2009 வரை மாறிச் சென்ற மாணாக்கர், எல்லாவகை மாறுதல்களையும் சேர்த்துப் பார்க்கையில், தாம் பெற்றிருந்த அலகுகளிற் சராசரியாக நூற்றுக்கு 43 இழந்தனர் என்று மதிப்பிட்டது.

இவ்விழப்பின் விலை யாதென ஒரு சிறு கணக்கால் அறியலாம். 15 அலகுகள், அதாவது ஓர் அரையாண்டுப் படிப்பு, ஏற்கப்படவில்லை என வைப்போம். அதற்கீடாகச் சர்வகலாசாலையில் அரையாண்டு மிகுதியாகப் பயில வேண்டும்; கட்டணம் 5,805 டாலர். பட்டத்தாற் கிடைக்கும் கூடுதல் ஊதியமும் அரையாண்டு பிந்துகின்றது. மேற்சொன்னவாறு பாதியாகக் குறைத்து எண்ணினும் அது 7,722 டாலர். இரண்டும் கூடி 13,527 டாலர். சமுதாயக் கல்லூரிக்குச் சென்றதால் மிஞ்சிய 15,120 டாலரில் எஞ்சுவது 1,593 டாலரே. ஓரரையாண்டு வீணானால் இரண்டாண்டுச் சிக்கனம் ஏறக்குறைய முற்றும் கரைந்துவிடுகின்றது. ஈரரையாண்டு வீணானால், நேரே சர்வகலாசாலைக்குச் சென்றவனினும் இவன் மிகுதியாகச் செலவிட்டவனாகின்றான். கட்டணப் பட்டியலில் இவ்விழப்பு எங்கும் அச்சிடப்படுவதில்லை.

இக்கேட்டினைப் போக்கக் கலிபோர்னியா 2010ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றிற்று. அதன்படி, மாறிச் செல்லுதற்கென்றே வகுக்கப்பட்ட அசோஷியேட் பட்டம் ஒன்று ஏற்பட்டது. மனோதத்துவத்தில் அவ்வகைப் பட்டம் பெற்றவர்க்கு, கலிபோர்னியா ஸ்டேட் சர்வகலாசாலைக் குழுவில் ஓரிடம் உறுதி. அதே துறையிலோ அதனை ஒத்த துறையிலோ மேலும் 60 அலகு கற்றால் நான்காண்டுப் பட்டம் உறுதி. அக்குழுவின் கட்டணம் 2024-25ஆம் ஆண்டில் 6,084 டாலர். ஆகவே பிரஸ்னோப் பெண் உள்ளூர்க் கல்லூரியில் இப்பட்டத்தைப் பெற்று, அதே நகரிலுள்ள ஸ்டேட் சர்வகலாசாலைக்குத் தன் வீட்டிலிருந்தே சென்று வரலாம். மனோதத்துவம் பயில்வார்க்கு இதனினும் மலிந்த, திருந்திய வழி அந்நாட்டில் மிகச் சிலவே. எனினும் இதிலும் ஒரு நுட்பம் உண்டு. உறுதி கூறப்படுவது குழுவிலுள்ள ஏதேனும் ஓரிடமேயன்றி, மாணாக்கர் விரும்பும் இடமன்று. லாங் பீச், சான் டியேகோ முதலிய இடங்களில் விண்ணப்பிப்போர் தொகை இடத்தினும் மிகுதி. கலிபோர்னியா சர்வகலாசாலை என்னும் மற்றொரு குழுவிற்கு, அதாவது பர்க்கிலி முதலியவற்றிற்கு, இவ்வுறுதி செல்லாது. பெயரொற்றுமையால் இரண்டையும் ஒன்றென மயங்கி ஏமாந்தாரும் உளர்.

அரசாங்கமும் இப்போது இத்துலாக்கோலைக் கையில் எடுத்துள்ளது. 2025ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாராளுமன்றம் இயற்றிய சட்டமொன்றின்படி, ஒரு பட்டப் படிப்பை முடித்தார் சில ஆண்டுகட்குப்பின் பெறும் நடு ஊதியம், அப்படிப்பு இல்லாது பள்ளியோடு நின்ற இளைஞரின் நடு ஊதியத்தினும் குறைந்து, மூன்றாண்டில் ஈராண்டு அவ்வாறே நிற்குமானால், அப்படிப்பிற்கு மத்திய அரசாங்கக் கடன் நிறுத்தப்படும். அசோஷியேட் பட்டமும் இதற்கு உட்பட்டதே. மேற்பட்டப் படிப்பிற்குரிய கடனுக்கும் அதே சட்டம் வரம்பு கட்டியது. இத்துலாக்கோல் நேர்மையானதுதானோ என்பதில் நமக்கு ஐயம் உண்டு. துன்புறும் குழந்தைகளோடும் முதியோரோடும் பணியாற்றுவார்க்கு நாடு குறைந்த கூலி கொடுக்கின்றது. பின்னர், அக்குறைந்த கூலியையே சான்றாகக் காட்டி அவர் கற்ற கல்வி பயனற்றது எனத் தீர்ப்பளிக்கின்றது. கூலியை நிறுத்துப் பார்க்க வேண்டிய இடத்திற் கல்வியை நிறுத்தல் எவ்வளவு பொருந்தும்? எனினும் கடன் பட்டுப் படிக்கும் மாணவிக்கு இவ்வாதம் கைகொடாது. அவள் திருப்பிச் செலுத்த வேண்டியது டாலரே. 2024-25ஆம் ஆண்டில் இளநிலை மாணாக்கர்க்கு வழங்கிய மத்தியக் கடனுக்கு வட்டி நூற்றுக்கு 6.53.

நம் மாணாக்கருள் அமெரிக்கா செல்ல விழைவார்க்கும் ஒரு சொல். சமுதாயக் கல்லூரி மலிவு என்று கேள்வியுற்று அவ்வழி நாடுவார் சிலர் உளர். மேற்கூறிய கட்டணங்கள் அந்தந்த இடத்து மக்களுக்கு உரியவை. பிறநாட்டு மாணவன் கலிபோர்னியாவில் அலகொன்றுக்கு 46 டாலரன்று, 300 டாலருக்கு மேல் செலுத்துகின்றான். பெல் உதவித்தொகை அவனுக்கில்லை. கல்லூரிக்கு வெளியே விரும்பியவாறு வேலை பார்க்கவும் அவனுக்கு அனுமதியில்லை. ஆகவே பிரஸ்னோப் பெண்ணின் கணக்கில் ஒரு வரியும் அவனுக்குப் பொருந்தாது. அவன் வேறு ஏட்டில் வேறு கணக்கு எழுதிக் கொள்ளல் வேண்டும்.

பிரஸ்னோப் பெண்ணோ, சேர்க்கைப் பத்திரத்தில் ஒப்பமிடுமுன் கல்லூரி ஆலோசகரிடம் கேட்க வேண்டியன மிகச் சிலவே. தான் சேரும் பட்டம் மாறிச் செல்லுதற்கென வகுக்கப்பட்டதா, அன்றி வெறும் அசோஷியேட் பட்டமா? இரண்டும் ஒரே பெயரோடு ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்றல் கூடும். தான் எடுக்கும் ஒவ்வொரு பாடமும் எந்தச் சர்வகலாசாலையில் எந்தப் பாடத்திற்கு ஈடாக ஏற்கப்படும்? அதனை எழுத்தில் தருவார்களா? புள்ளியியற் பாடத்தை முதலாண்டிலேயே எடுக்கலாமா? கடைசி வினா சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அப்பாடத்தை அஞ்சி இறுதிவரை ஒத்திவைத்து, அதிற் சறுக்கி, அதனால் மாறிச் செல்லும் ஆண்டைத் தவறவிடுவோர் மனோதத்துவ மாணாக்கருட் பலர். முதலிலேயே எடுத்துத் தேறினவள், பின்னர் மனோதத்துவத்தை விட்டுக் கணக்காய்வுத் துறைக்கோ பொதுச் சுகாதாரத் துறைக்கோ செல்ல நினைத்தாலும் அப்பாடத்தைத் தன்னோடு எடுத்துச் செல்லலாம். அதற்கு ஆகும் கட்டணம் 4 அலகு; 184 டாலர்.